மூன்று மணி எட்டு நிமிடம் இருபத்தொன்பதே முக்கால் விநாடி

சித்திரை 1, செவ்வாய்க்கிழமை. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம் எல்லாம் முடிந்து வீடே சாய்ந்து கிடந்த நேரம். கூடத்துச் சுவர்க் கடிகாரம் திடீரென்று அடிக்க ஆரம்பித்தது. டிங், டிங், டிங். கொஞ்சம் இடைவெளி. டிங். மறுபடி இடைவெளி. டிங், டிங், டிங், டிங். இப்படியே விட்டு விட்டு மொத்தம் 23 அடி. அத்தை எழுந்து உட்கார்ந்து முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் தேதி கிழிக்கும் காலண்டரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, வருஷப் பிறப்பும் அதுவுமா ராகு காலத்துல மணி அடிக்குதே. இதுக்கா இத்தனை நாளா ராத்திரி ராத்திரி ஈயம் உருக்கிட்டு இருந்த?"

மணி அப்போது 3:08. செவ்வாய்க்கிழமை ராகு காலம் மதியம் 3 முதல் 4:30 வரை. அத்தை சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மார்ச் 14 அன்று மட்டும் அடிக்க வேண்டிய மணி ஏப்ரல் 14 அன்று ஏன் அடித்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கடிகாரம் உருப்படியான ஒரு பொருளாக ஆனது. நடந்ததை எழுதிவைக்கிறேன். செய்து பார்க்க நினைப்பவர்கள் நான் விழுந்த பள்ளங்களையாவது தாண்டிப் போகலாம்.

எல்லாம் மகளால் வந்தது. ஒன்பதாம் வகுப்பு. மார்ச் 14 பை நாள் என்று எங்கேயோ பார்த்துவிட்டு வந்தவள், பாட்டியிடம் போய் "பாட்டி, பை நாள் வருது" என்றாள். "எந்தப் பை? மஞ்சப்பையா?" என்றார் அத்தை. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண் என்று அவள் விளக்கி முடிப்பதற்குள் சீரியல் ஆரம்பித்துவிட்டது.

அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள், மார்ச் 14 என்றால் 3/14. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் காட்சிக்கூடத்தில் வேலை பார்த்த லாரி ஷா என்ற இயற்பியலாளர் 1988இல் இதை விளையாட்டாகத் தொடங்கிவைத்தார். 3.1415926 என்று வருவதால் அன்றைக்கு 1 மணி 59 நிமிடம் 26 விநாடி ஆனதும் கொண்டாடுவது வழக்கம். 2019இல் யுனெஸ்கோ அதே மார்ச் 14ஐ உலகக் கணித நாளாக அறிவித்தது. மகளுக்கு இதில் ஒரே ஒரு குறை. "நம்ம 14/3ன்னுதானே எழுதுறோம்? வகுத்தா நாலே சொச்சம் வருது. அது எப்படிம்மா பை ஆகும்?"

நியாயமான கேள்வி. நம் எழுத்துப்படி பார்த்தால் நமக்கு உரிய நாள் ஜூலை 22, அதாவது 22/7. சும்மா சமாதானத்துக்குச் சொல்லவில்லை. 3.14 என்பது பையைவிட 0.00159 குறைவு. 22/7 என்பது பையைவிட 0.00126 அதிகம். அமெரிக்கர்களின் தேதியைவிட நம் தேதிதான் பைக்குக் கிட்டே நிற்கிறது. ஆனாலும் மார்ச் 14 வரப்போகிறது, ஜூலை வரைக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை. சரி, ஒரு மணி அடிக்க வைப்போம் என்று முடிவு செய்தோம். கூடத்தில் மாட்டியிருக்கும் பன்னிரண்டு அங்குல வட்டக் கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் பெட்டி, அதிலிருந்து ஒரு சுத்தி, ஒரு மணி. மார்ச் 14, மதியம் 1:59:26க்கு 3, 1, 4, 1, 5, 9 என்று எண்ணி அடிக்க வேண்டும்.

திட்டத்தை அத்தையிடம் சொன்னேன். காலண்டரைப் புரட்டினார். "சனிக்கிழமை. ஒன்றரையிலேருந்து மூணு வரைக்கும் எமகண்டம். நல்ல காரியமா இருந்தா மூணு மணிக்கு மேல வெச்சுக்கோ."

"அத்தை, 1:59தான் கணக்கு. மாத்த முடியாது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவருக்கு ஒரு விதம் உண்டு.

அன்று இரவு பாத்திரம் கழுவும்போது அது மண்டையைக் குடைந்தது. மூன்று மணிக்கு மேல். மூன்று மணிக்கு மேல் என்றால் மூன்று சொச்சம் மணி. பையும் மூன்று சொச்சம். கையைத் துடைத்துக்கொண்டு வந்து கணக்குப் போட்டேன். 3.14159265 மணி என்றால் 3 மணி போக 0.14159265ஐ 60ஆல் பெருக்கினால் 8.4956 நிமிடம். எட்டு நிமிடம் போக மிச்சத்தை மறுபடி 60ஆல் பெருக்கினால் 29.73 விநாடி. 3:08:29.73.

யோசித்துப் பார்த்தால் இதுதான் கடிகாரத்தின் சொந்தக் கணக்கு. 1:59:26 என்பது பத்தின் அடுக்கில் எழுதிய எண்ணைத் துண்டு துண்டாக வெட்டிக் கடிகாரத்தில் ஒட்டியது. கடிகாரம் பத்தில் எண்ணுவதே இல்லை, அறுபதில் எண்ணுகிறது. நமக்கும் அது புதிதல்ல. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, போய்ப் போய் வந்தால் வருடங்களுக்கே 60 பெயர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த வானியலாளர் தாலமியும் பையின் மதிப்பை அறுபதின் அடுக்கில்தான் எழுதினார்: 3, 8, 30. மூன்று முழு, எட்டு அறுபதில் ஒன்று, முப்பது மூவாயிரத்து அறுநூற்றில் ஒன்று. இன்றைய சுவர்க் கடிகாரத்தில் 3:08:30 என்று காட்டினால் அது தாலமியின் பை. உண்மையான பைக்கும் அதற்கும் கால் விநாடிக்குக் கொஞ்சம் மேல்தான் வித்தியாசம்.

மறுநாள் காலையில் அத்தையிடம் போய், "நீங்க சொன்னபடி மூணு மணிக்கு மேலேயே வெச்சுட்டேன்" என்றேன். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார்.

இனி சாமான். திருவல்லிக்கேணியிலிருந்து ரிச்சி தெரு ஆட்டோவில் பத்து நிமிடம். ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் போர்டு ஒன்று, நேரம் காட்டும் டிஎஸ்3231 போர்டு, மின்சாரம் பாய்ந்ததும் தண்டை வெளியே தள்ளும் 12 வோல்ட் சோலனாய்டு (இதுதான் சுத்தி), அதை ஓட்ட 5 வோல்ட்டிலேயே நன்றாகத் திறக்கும் லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் என்ற மின் சுவிட்ச் ஒன்று, 1என்4007 டயோடு, கொஞ்சம் ஒயர். வேறு நேர சிப்புகளும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவற்றில் விநாடியை எண்ண உதவும் சாதாரண கிரிஸ்டல் சூட்டில் மெதுவாகிவிடும். சென்னை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீட்டில் அது வாரத்துக்குப் பல விநாடி தள்ளிப் போகும். டிஎஸ்3231 தன் சூட்டைத் தானே அளந்து திருத்திக்கொள்கிறது. வருடத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் தப்பாது. முக்கால் விநாடிக்கெல்லாம் கணக்குப் பார்ப்பவளுக்கு அதுதான் சரி.

கடைக்காரர் பில் போட்டுக்கொண்டிருந்தபோது, மேஜைமேல் இருந்த பெரிய பட்டன் கால்குலேட்டரை மகள் பார்த்துவிட்டாள். வர்க்கமூலப் பட்டன் இருந்தது. "அண்ணா, இதை ஒரு நிமிஷம் குடுங்க" என்று வாங்கி 2143 போட்டு 22ஆல் வகுத்தாள். 97.409 என்று வந்தது. வர்க்கமூலம் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. திரையில் 3.141592652 என்று தொடங்கி நின்றது.

"இன்னா மேடம், பில்லு தப்பா?" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணா, பை வருது பாருங்க."

அவர் நம்பாமல் தானே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "யாரு கண்டுபுடிச்சது?" ராமானுஜன் என்றேன். எங்கள் திருவல்லிக்கேணியில் குடியிருந்தவர், காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டவர், 1912இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 1914இல் பையின் தோராயங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் இதுவும் உண்டு: 9இன் வர்க்கத்தோடு, 19இன் வர்க்கத்தை 22ஆல் வகுத்துக் கூட்டி, வர்க்கமூலத்துக்கு வர்க்கமூலம் எடுப்பது. அந்தக் கூட்டல்தான் 2143/22. தசமப் புள்ளிக்கு அப்புறம் எட்டு இடம் வரை சரியாக இருக்கும். அதே கட்டுரையில் இருக்கும் தொடர்களில் ஒன்று ஒவ்வொரு உறுப்புக்கும் எட்டு இலக்கம் கொடுத்துக்கொண்டே போகும். 1985இல் அதை வைத்துத்தான் கணினியில் ஒரு கோடியே எழுபது லட்சம் இலக்கம் வரை போனார்கள். கடைக்காரர் 2143, 22 என்ற இரண்டு எண்ணையும் பில் புத்தகத்தின் அட்டையில் குறித்துக்கொண்டார். பில்லில் ஒரு பைசா குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டிஎஸ்3231 போர்டு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொதுவாகக் கிடைக்கும் நீல நிறப் போர்டில் பட்டன் பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஒரு டயோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் இருக்கும். சார்ஜ் ஏறும் எல்ஐஆர்2032 பேட்டரிக்காக வைத்தது அது. நாம் போடுவதோ சார்ஜ் ஏற்றவே கூடாத சிஆர்2032. அந்த ரெசிஸ்டரைச் சூடு காட்டி எடுத்துவிட்டால் நிம்மதி.

மணிக்குப் பூஜையறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன். அத்தை என் பார்வையைப் பார்த்தார். பழைய சைக்கிள் மணியின் மூடியே போதும் என்று முடிவானது. அதை ஒரு மரத்துண்டில் திருகி, ஒரு சென்டிமீட்டர் தள்ளி சோலனாய்டைப் பொருத்தினேன். முதல் சோதனை: டொக். மணியோசையே இல்லை, கதவில் கொட்டாங்கச்சி பட்ட மாதிரி. மின்சாரம் 120 மில்லிவிநாடி ஓடியதில் தண்டு போய் மணியை அடித்து, அங்கேயே அழுத்திக்கொண்டு நின்றுவிட்டது. அதிர வேண்டிய உலோகத்தை அடித்த கையே பிடித்துக்கொண்டால் எப்படி ஓசை வரும்? 60க்குக் குறைத்தேன், "டிக்" என்றது. 35க்கு வந்ததும் தண்டு தொட்டதும் தொடாததுமாகத் திரும்ப, "டிங்" என்று கூடம் முழுக்கக் கேட்டது. 25க்குப் போனால் சில அடிகள் மணியைத் தொடவே இல்லை. 35இலேயே நிறுத்தினேன்.

அடுத்த தொல்லை, மூன்றாவது அடிக்குமேல் போகாமல் நானோ திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கியது. 3, 3, 3 என்று அடித்துக்கொண்டே இருந்தது. "பை வெறும் மூணுன்னு சொல்லுதும்மா" என்று மகளுக்குச் சிரிப்பு. காரணம் சோம்பல்தான். சோலனாய்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருளுக்கு, அதாவது காயிலுக்கு, குறுக்கே போட வேண்டிய டயோடை "அப்புறம் போட்டுக்கலாம்" என்று விட்டிருந்தேன். மின்சாரம் நிற்கும்போதெல்லாம் காயில் திருப்பி உதைக்கிறது, அந்த உதையில் நானோ மயங்கி எழுகிறது. டயோடையும், சப்ளையில் ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் போட்டதும் அடங்கியது.

இதற்கிடையில் மகள் ஒரு சந்தேகம் கேட்டாள்: "பூஜ்யம் வந்தா எப்படிம்மா அடிக்கும்?" நல்ல வேளை, பையின் தசம இலக்கங்களில் முதல் பூஜ்யம் 32ஆவது இடத்தில்தான் வருகிறது. எங்கள் மணிக்கு அவ்வளவு தூரம் போகும் உத்தேசம் இல்லை.

மார்ச் 14 வந்தது. மாசியும் பங்குனியும் கூடும் சமயம், எதிர் வீட்டு மாமி அந்த வார இறுதியில் காரடை கொடுத்தனுப்பியிருந்தார். நடுவில் ஓட்டையோடு வட்டமாக, மேலே வெண்ணெய். அமெரிக்காவில் இந்த நாளில் பெயர்ப் பொருத்தத்துக்காக 'பை' என்ற வட்டமான பழப் பணியாரம் சாப்பிடுவார்களாம். எங்களுக்கு அடை. மூன்று மணியிலிருந்தே எல்லாரும் கடிகாரத்தின் முன்னால். என் கையில் போன், இணைய நேரத்தோடு. 3:08:30. மணி சொன்னபடி அடித்தது. மகள் கை தட்டினாள், அவள் அப்பா வீடியோ எடுத்தார்.

அப்புறம் வீடியோவைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மணி அடிக்கும் நேரத்தில் கடிகாரத்தின் விநாடி முள் 38இல் இருந்தது. பெட்டிக்குள் இருக்கும் நேரம் ஒன்று, முகப்பில் காட்டும் நேரம் இன்னொன்று. மெஷினின் சொந்தக் கிரிஸ்டல் தன் போக்கில் எட்டு விநாடி முன்னால் ஓடியிருக்கிறது. சாதாரண நாளில் எட்டு விநாடியை யார் கேட்கப் போகிறார்கள்? இது கேட்கிற நாள். "உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு" என்றார் அத்தை, யாரையோ நினைத்துக்கொண்டு.

சரிசெய்ய வேண்டும் என்று குறித்துவைத்ததோடு பரீட்சைகள் வந்தன, மறந்துபோனேன். அப்போதுதான் ஏப்ரல் 14.

காரணம் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. வெட்கப்பட வைக்கும் காரணம். டிஎஸ்3231 சிப்பில் அலாரம் வைக்க விநாடி, நிமிடம், மணி, தேதி நான்கும் கொடுக்கலாம். மாதம் கொடுக்க இடமே கிடையாது. 14ஆம் தேதி 15:08:30 என்று வைத்தால் ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி அடிக்கும். சிப் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் அட்டவணை போட்டே காட்டியிருக்கிறார்கள். நான் நேரத்தை மார்ச் 14க்கு மாற்றி வைத்து நாலு தடவை சோதித்தேன். ஏப்ரல் 14க்கு மாற்றிச் சோதிக்க யாருக்குத் தோன்றும்? இன்னொரு வேடிக்கை: ஒரு முறை அடித்ததும் சிப் ஏற்றிவைக்கும் அலாரக் கொடியை, அதாவது 'அடித்தாயிற்று' என்ற குறியை, நிரலில் இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அலாரம் கேட்காது. அந்த வரியை ஒழுங்காக எழுதியிருந்தேன். மறந்திருந்தால் வருடப் பிறப்பில் தப்பித்திருப்பேன்.

மாதத்தைச் சரிபார்க்க ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் பெட்டியைத் திறந்தாகிவிட்டது, கோடை விடுமுறையும் தொடங்கப் போகிறது. முள்ளையும் நாமே ஓட்டிவிடுவோம் என்று இறங்கினேன்.

சுவர்க் கடிகார மெஷினுக்குள் ஒரு காயிலும் ஒரு சின்னக் காந்தச் சக்கரமும் இருக்கும். விநாடிக்கு ஒரு முறை காயிலில் ஒரு சிறிய மின்துடிப்பு. ஒரு விநாடி இந்தத் திசை, அடுத்த விநாடி எதிர்த் திசை. ஒவ்வொரு முறையும் காந்தம் அரைச் சுற்றுத் திரும்ப, முள் ஒரு கட்டம் நகரும். ஒரே திசையில் இரண்டு முறை கொடுத்தால் இரண்டாவது வீண். மெஷினில் இருக்கும் சிப்பைக் கழற்றிவிட்டு, காயிலின் இரு முனைகளையும் நானோவின் இரண்டு பின்களுக்கு 680 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்தால், 40 மில்லிவிநாடித் துடிப்பில் முள் நாம் சொன்னபடி நடக்கும். டிக் டிக் என்று தாவும் மெஷினாக இருக்க வேண்டும். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் வகை இதற்கு ஆகாது.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. அந்தக் காயில் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. போர்டிலிருந்து பிரிக்கும்போது மூச்சு விட்டேனோ என்னவோ, அறுந்துவிட்டது. ஒட்டவைக்கப் பார்த்தேன், இன்னும் அரை அங்குலம் போனது. பாரதி சாலைப் பக்கம் கடிகாரம் ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் கொண்டு போனேன். லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இன்னாம்மா இது, காயிலை அறுத்துட்டியே. ஓடுற மெஷினை எதுக்குப் பிரிச்ச?"

"பாய், நானே ஓட்டலாம்னு பார்த்தேன்."

"பேட்டரி போட்டா அதுவே ஓடும்மா."

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் டிராயரிலிருந்து ஒரு புது மெஷினை எடுத்து, தானே திறந்து, காயிலைத் தொடாமல் அது போர்டில் ஒட்டியிருக்கும் இரண்டு புள்ளிகளைக் காட்டினார். "கம்பிகிட்ட போவாத. இந்த ரெண்டு புள்ளி மேல உன் ஒயரை வெச்சு ஒட்டு. சிப்புக்குப் போற கோட்டை மட்டும் பிளேடால கீறி விடு." இது தெரிந்திருந்தால் முதல் மெஷின் பிழைத்திருக்கும். நூறு ரூபாய்க்குள் ஒரு மெஷின், அந்த அறிவுரை இலவசம். முட்களை மாட்டும்போது பன்னிரண்டில் மூன்றையும் ஒன்றாக வைத்து மாட்டச் சொன்னார். அதையும் நான் தப்பாகத்தான் செய்யவிருந்தேன்.

இப்போது டிஎஸ்3231 சிப்பிலிருந்து விநாடிக்கு ஒரு துடிப்பு வருகிறது. முள்ளை நகர்த்துவதும் அதுதான், மணிக்குக் கணக்கும் அதுதான். சிப்பின் ஒரே காலில்தான் அலாரமும் விநாடித் துடிப்பும் வரும், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் அலாரத்தையே விட்டுவிட்டு, ஒவ்வொரு விநாடியும் மாதம், தேதி, நேரம் மூன்றையும் நிரலிலேயே பார்க்க வைத்தேன். மின்சாரம் போனால் முள் எங்கே நின்றது என்பது நானோவுக்குத் தெரியாது. போர்டில் இருக்கும் நினைவகத்தில் விநாடிதோறும் எழுதி வைக்கலாமா என்று கணக்குப் பார்த்தேன். ஒரே இடத்தில் பத்து லட்சம் முறை எழுதுவதுதான் அதன் ஆயுள். விநாடிக்கு ஒரு முறை எழுதினால் 12 நாளுக்குக்கூடத் தாங்காது. பேசாமல் இன்வெர்ட்டர் லைனில் சொருகிவிட்டேன்.

முள்ளும் மணியும் ஒன்றான பிறகுதான் விளையாட்டு சுவைத்தது. 3:08:29.73 என்றால் 29ஆவது விநாடித் துடிப்பு வந்து 730 மில்லிவிநாடி கழித்து முதல் அடி. அது முடிந்ததும் மகள் கேட்டாள், "அப்போ ஜூலை 22க்கு?" 22/7 மணி என்றால் 3.142857. கணக்குப் போட்டால் 3:08:34.29. மார்ச் 14இன் 3.14 மணி என்றால் சரியாக 3:08:24.

மூன்றையும் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. 24, 29.73, 34.29. புத்தகத்தில் 0.00159, 0.00126 என்று இருக்கும்போது எதுவும் தோன்றாது. கடிகாரத்தில் 3.14 ஐந்தே முக்கால் விநாடி முன்னால் வருகிறது, 22/7 நாலரை விநாடி பின்னால் வருகிறது. ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கும் நேரம். கண்ணாடியைக் கழற்றி முகப்பில் மூன்று புள்ளி வைத்தோம். 3.14க்குப் பச்சை, பைக்குச் சிவப்பு, 22/7க்கு நீலம். விநாடி வட்டத்தில் ஒரு விநாடி கிட்டத்தட்ட 13.6 மில்லிமீட்டர், ஆகவே சிவப்புப் புள்ளி 29ஐத் தாண்டி ஒரு சென்டிமீட்டரில். நீலம் 34ஐத் தாண்டி 4 மில்லிமீட்டரில். முள் பச்சையில் நிற்கும். சிவப்பிலும் நீலத்திலும் நிற்கவே நிற்காது, மேலே தாவிப் போய்விடும்.

அதற்கப்புறம் மகள் தனக்குத் தெரிந்த தோராயங்களை எல்லாம் விநாடியாக்கிப் பார்த்தாள். ஆரியபட்டரின் 62832/20000, அதாவது 3.1416, வெறும் 0.03 விநாடி தள்ளி. கண்ணால் பிரிக்க முடியாது. 355/113 எடுத்தால் ஆயிரத்தில் ஒரு விநாடி. ராமானுஜனின் 2143/22க்கு வந்தபோது அவளுடைய பேனா கொஞ்சம் தயங்கியது. 3.6 மைக்ரோவிநாடி. எங்கள் நானோ தன் உள் கடிகாரத்தைப் படிக்கும்போது மிகக் குறைந்த படியே 4 மைக்ரோவிநாடிதான். ரிச்சி தெரு கால்குலேட்டரில் இரண்டு தட்டுத் தட்டி வந்த எண்ணுக்கும் பைக்கும் உள்ள இடைவெளியை இந்தப் பெட்டியால் அளக்க முடியாது. அதற்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். சிவப்புப் புள்ளி மேலேயே வைத்துக்கொள் என்றேன், வைத்தாள்.

ஜூலை 22க்கான அடியை மாற்றியிருக்கிறோம். அன்று 3, 1, 4, 1, 5, 9 அடிப்பது ஏமாற்று வேலை. 22/7 என்பது பை அல்ல, அதன் இலக்கங்கள் 142857 என்று சுற்றிச் சுற்றி வரும். ஆகவே 3, 1, 4, 2, 8, 5, 7, மொத்தம் 30 அடி, 3:08:34.29க்குத் தொடக்கம். எட்டு அடி தொடர்ந்து அடிக்கும்போது சோலனாய்டு லேசாகச் சூடாகிறது, இடைவெளியை இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். தேதியை மே 14, ஜூன் 14, டிசம்பர் 14 என்று மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தாயிற்று, வாயே திறக்கவில்லை.

மகளுக்கு ஒரே வருத்தம், ஜூலை 22 அன்று மதியம் மூன்று மணிக்குப் பள்ளியில் இருப்பாள். லீவு கேட்டுப் பார்த்தாள், கிடைக்காது என்றேன். போனை எதிரே நிறுத்திப் பதிவு செய்யும் பொறுப்பைப் பாட்டியிடம் கொடுத்திருக்கிறாள். அத்தை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. காலண்டரில் ஜூலை வரைக்கும் தாளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"புதன்கிழமை. ராகு காலம் பன்னெண்டுலேருந்து ஒன்றரை. சரி, அடிக்கட்டும்."